காலி டப்பாவுக்கு ஒரு ஸ்டார்

யு.கே.ஜி. மிஸ் வேலையில் ஏ, பி, சி, டி எல்லாம் கொசுறு. மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் நிஜமான வேலையே. தட்டும் கையுமாகப் பிள்ளையின் பின்னால் வீடெல்லாம் ஓடியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கைமேல் பலன்

மேடவாக்கத்தில் எங்கள் பள்ளி. டப்பாவைக் காலி செய்கிறவர்கள் கையில் ஒரு ஸ்டார் ஒட்டுவேன் என்று ஒரு நாள் அறிவித்தேன். நாலு வாய்க்கு மேல் தாண்டாத ஜெனி, அன்றைக்கே இரண்டு இட்லியையும் முடித்துவிட்டாள். மறுநாள் காலை, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்திலும் அவள் அம்மா கேட்டில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லைன்னா இவ பட்டினிதான் மிஸ்."

பொம்மை அலமாரி

இரண்டு வாரம் கழித்து வகுப்பில் ஒரு வாடை. ஆயா செல்வி அக்கா பொம்மை அலமாரியை நகர்த்தினால், பின்னால் காய்ந்துபோன இட்லிகள். யாருடையவை என்று விசாரிக்கவே வேண்டாம். பொடி தடவிய இட்லி கொண்டுவருவது ஜெனி மட்டும்தான். செல்வி அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "நீங்க ஸ்டாரு ஒட்டிக்கினே இருங்க மிஸ், எறும்பு நல்லா துன்னுகினு கீது."

என் கண் முன்னால்

அப்போதே விட்டிருக்கலாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதன்பின் ஜெனியை என் நாற்காலிப் பக்கத்தில் உட்காரவைத்து, கடைசி வாய் உள்ளே இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் போதும் என்றாள். இன்னும் ரெண்டே வாய் என்றேன். தயிர்சாதத்தை முடித்தாள், ஸ்டாரும் வாங்கிக்கொண்டாள், அடுத்த நிமிஷம் யூனிஃபார்ம் முழுக்க வாந்தி. துடைத்துவிட்டுக்கொண்டிருந்த என்னிடம் கையை நீட்டினாள். "ஸ்டாரைத் திருப்பித் தந்துடணுமா மிஸ்?"

ஒரே ஒரு கேள்வி

அன்றோடு ஸ்டாரை நிறுத்தினேன். அவள் அம்மாவிடம் எதையும் ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் மதியம் ஜெனியிடம், பசித்தால் சாப்பிடு, போதுமென்றால் மூடி வைத்துவிடு, மிஸ் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன், பாருங்கள்.

மற்ற பிள்ளைகள் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மட்டும் மூடிமேல் கையை வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "மிஸ், இப்ப எனக்குப் பசிக்குதா?"

அத்தனை டப்பாக்களைக் காலி செய்யவைத்த சாமர்த்தியத்தில், ஒரு பிள்ளையின் பசியையும் சேர்த்துக் காலி செய்திருக்கிறேன்.