நம்ம ஆளு

"இவரு நம்ம ஆளு இல்லிங்க," என்றார் பட்டு முதலாளி கஜபதி, நெசவாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆள் சேர்க்க வந்த அதிகாரியிடம்.

நெசவாளர் வேதாசலம் அதிகாரிக்கு எதிரில்தான் நின்றிருந்தார். கல்யாணமான வருஷத்திலிருந்து முள்ளிப்பட்டில் அவர் நெய்த சேலையெல்லாம் கஜபதிக்குத்தான். முதலாளி ஒப்புக்கொண்டால்தான் காப்பீட்டு அட்டை கிடைக்கும். அட்டை இருந்தால்தான் மனைவி மல்லிகாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடக்கும்.

"இன்னாங்க இது? எம் பொண்ணுக்குப் பேரு வெச்சதே நீங்கதானே!"

அதிகாரி போனதும் கஜபதி அவர் தோளில் கைவைத்தார். "என் ஆளுன்னு ஒத்துகினா நாளைக்கு பி.எஃப்., போனஸ்னு எல்லாரும் வந்து நிப்பாங்க. பேஜாருப்பா. மல்லிகாவ நான் பாத்துக்க மாட்டேனா?"

மறுநாள் காலை கஜபதி வீட்டிலிருந்து அடுத்த சேலைகளுக்கான நெடுக்கு நூல், புதுப் பாவு, வந்தது. வேதாசலம் அதைத் தறியில் மீந்திருந்த பழைய பாவோடு இழை இழையாகப் பிணைத்தார். மல்லிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இழை எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் முக்கால்வாசிப் பிணைப்பு முடிந்தது.