ஐந்து ஆம்பியரில் இரண்டு வீடு

தண்ணீர்க் குழாயில் ஒருமுறை தட்டும் சத்தம் கேட்டால் நான் எழுந்து போய் ஃபிரிட்ஜை அணைப்பேன். எதிர்வீட்டு ஹியாம் ஹேர் டிரையரைப் போடப் போகிறாள் என்று அர்த்தம். வேலை முடிந்ததும் தன் சீப்பின் இரும்பு வாலால் இன்னொரு முறை தட்டுவாள். போய்ப் போட்டுவிட்டு வருவேன். ஏழெட்டு வருடம் எங்கள் இரண்டு வீடும் இப்படித்தான் ஓடின.

எல் மினாவில், துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது எங்கள் கட்டடம். மூன்றாவது மாடியில் இரண்டே வீடுகள். காற்றுக்காக நடுவில் கிணறு மாதிரி ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். இரண்டு சமையலறை ஜன்னல்களும் அதைப் பார்த்திருக்கும். குழாய் அதன் வழியாகத்தான் மேலே போகிறது. அரசு மின்சாரம் அப்போதெல்லாம் நினைத்த நேரத்தில் வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். மற்ற நேரத்துக்குத் தெருவில் ஒருவன் ஜெனரேட்டர் வைத்து, வீடு வீடாக வயர் இழுத்து விற்றான். அவனிடம் கிடைத்த மிகச் சிறிய அளவு ஐந்து ஆம்பியர். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். ஹியாம் விதவை, வீட்டின் முன்னறையில் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்து பிழைத்தவள். அந்த ஐந்தையும் தனியாக வாங்க இருவருக்கும் கட்டுப்படியாகவில்லை. ஓர் இணைப்பை வாங்கி இரண்டு வீட்டுக்கும் பிரித்துக்கொண்டோம்.

ஐந்து ஆம்பியரில் இரண்டு ஃபிரிட்ஜும் சில விளக்குகளும் ஓடும். இல்லையென்றால் ஒரு டிரையர் ஓடும். எல்லாம் சேர்ந்தால் கீழே ஜெனரேட்டர்காரனின் பெட்டியில் சுவிட்ச் விழுந்துவிடும். யாராவது மூன்று மாடி இறங்கிப் போய் அவனைக் கெஞ்ச வேண்டும். யாரால் விழுந்தது என்பதில் எங்களுக்குள் ஒருபோதும் ஒற்றுமை இருந்ததில்லை.

"உஸ்தாத், வெந்நீர் போட்டீங்களா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்பாள்.

"இல்லையேம்மா."

"அப்ப கெட்டில்ல புகை வருதே, அது உங்க தத்துவப் புத்தகத்துலேர்ந்தா வருது?"

பிடிபட்டால் நான் இறங்க வேண்டும். டிரையரை வேகமாக வைத்தது தெரிந்தால் அவள் இறங்க வேண்டும். தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் நடுவர்களாக இருந்தார்கள். தீர்ப்பு பெரும்பாலும் எனக்கு எதிராகவே வந்தது.

அவள் கைத்திறனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மணப்பெண்ணுக்கும் மணப்பெண்ணின் தாய்க்கும் ஒரே கொண்டைதான் போடுவாள். ஆனால் அவள் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த முன்னறையில் கேட்ட சிரிப்பு வேறு எந்த வீட்டிலும் கேட்டதில்லை.

எங்கள் நாணயமான லிராவின் மதிப்பு சரிந்தது. டீசல் விலையோடு ஜெனரேட்டர்காரனின் மாதக் கட்டணமும் ஏறியது. நாளடைவில் அவன் பாதி நாள் ஜெனரேட்டரையே நிறுத்தி வைத்தான். குளிர்காலத்தில் பெண்கள் ஈரத் தலையோடு வீடு திரும்பினார்கள். ஒருமுறை ஈரத்தோடு போனவள் மறுமுறை வருவதில்லை. முன்னறை வெறுமையானது. அந்த வருடம் வசந்தத்துக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் நாற்காலிகளை விற்றுவிட்டுப் பெய்ரூட்டில் அண்ணி வீட்டு அடுப்படிக்குப் போக வேண்டியதுதான் என்று ஹியாம் சொன்னாள். அண்ணி எப்படிப்பட்டவள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததே போதுமானதாக இருந்தது.

ஊரில் மொட்டை மாடிகள் ஒவ்வொன்றாக நீலமாகிக்கொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டில் பிள்ளை இருந்தவர்கள் சூரிய மின்பலகை வாங்கினார்கள். நிலமோ காரோ இருந்தவர்கள் அதை விற்று வாங்கினார்கள். மற்றவர்களுக்காகக் குறைந்த வட்டியில் சூரிய மின்சாரக் கடன் வந்திருப்பதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். ஹியாம் நல்ல உடை உடுத்தி, தன் தலையைத் தானே அலங்கரித்துக்கொண்டு வங்கிக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

வங்கியில் இருந்தவன் மரியாதையாகத்தான் பேசினான். வீட்டுப் பத்திரம் வேண்டும் என்றான். எங்களுடையது பழைய வாடகை வீடு. கட்டட உரிமையாளர் எப்போதோ இறந்துவிட்டார். வாரிசுகள் பிரேசிலில் எங்கோ இருக்கிறார்கள், வாடகை கேட்டுக்கூட எழுதுவதில்லை. சம்பளச் சீட்டாவது இருக்கிறதா என்றான். அவளிடம் சீப்புத்தான் இருந்தது.

"இது சொந்த வீட்டுக்காரங்களுக்கான திட்டம், மேடம்" என்றான்.

"ஏன் தம்பி, வெயில் வாடகைக்காரங்க மேல அடிக்கறதில்லையா?"

அவன் சிரித்துவிட்டான். ஆனால் விண்ணப்பத்தைத் திருப்பித்தான் கொடுத்தான். சலுகை என்பது ஏற்கெனவே வாசற்படி உள்ளவர்களைத் தேடித்தான் படியேறுகிறது என்று திரும்பும் வழியில் நினைத்துக்கொண்டேன். அவள் கடற்கரையோரம் நின்று ஒரு கஅக் ரொட்டி வாங்கி, பாதியைப் பிய்த்து என்னிடம் கொடுத்தாள்.

யோசனை அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து வந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் ஜம்இய்யா என்று ஒரு சீட்டு நடத்துவார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் போட்டு, முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுப்பது. ஹியாமின் பழைய வாடிக்கையாளர்கள் ஒன்று சேர்ந்தார்கள். பெயர்களை எழுதி, சுருட்டி, தலை உருளைகளுக்குள் செருகிக் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கினார்கள். வழக்கத்தை மாற்றி முதல் முறையை ஹியாமுக்கே கொடுக்கலாம் என்று ஒருத்தி சொன்னபோது, பிச்சையாக எதுவும் வேண்டாம் என்று மறுத்தவள் அவள்தான். குலுக்கலில் அவள் பெயர் கடைசியில் வந்தது. அதுவரை நாற்காலிகள் தாங்காது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

முதல் பெயர் மீன்காரர் மனைவி நுஹாதுடையது. முன்பல் இரண்டு விழுந்து, புதுப் பல் கட்டக் காத்திருந்தவள். அவள் தன் உருளையை எடுத்து ஹியாமின் மடியில் வைத்தாள். ஹியாம் அதைத் திருப்பி வைத்தாள். கொஞ்ச நேரம் இப்படியே நடந்தது.

"நான் தியாகம் பண்றேன்னு நெனச்சுக்காதடி" என்றாள் நுஹாத். "ஈரத் தலையோட மூணு மாடி இறங்கி எனக்கு சளி புடிச்சதுதான் மிச்சம். பல்லுக்கு என்ன அவசரம்? அது எங்க ஓடிடப் போகுது? ஏற்கெனவே ஓடிடுச்சு."

சொல்லிவிட்டு அந்த ஓட்டைப் பல் தெரியச் சிரித்தாள். ஹியாம் உருளையைத் தலையில் செருகிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பார்த்த வரையில் அவள் மறுபேச்சு இல்லாமல் ஒன்றைப் பெற்றுக்கொண்டது அன்று மட்டும்தான்.

நான்கு பலகைகளும் ஓர் இன்வெர்ட்டரும் ஒரு சிறிய பேட்டரியும் வந்தன. தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே அவற்றை நிறுத்தினார்கள். அதன் பிறகு எங்கள் தெருவில் தலை அலங்கார நேரமே மாறிப்போனது. சாயங்காலக் கல்யாணத்துக்குக்கூடப் பெண்கள் நட்டநடு மதியத்தில் வந்தார்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது டிரையர் தடையின்றி ஓடும். மணமகள் முக்காட்டுக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு வீடு திரும்பி, வெயில் தாழும்வரை காத்திருப்பாள்.

பலகை வந்ததும் ஜெனரேட்டர் இணைப்பை விட்டுவிடுவாள், என் பாதியும் போய்விடும் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் விடவில்லை. இரவுக்கு வேண்டும் என்றாள். மறுநாள் இடைவெளியின் குறுக்கே ஒரு வயரை என் ஜன்னலுக்கு வீசினாள். பகலில் என் ஃபிரிட்ஜ் அவள் வெயிலில் ஓடியது. குழாயின் மொழியில் ஒரு சொல் கூடியது. இரண்டு தட்டு என்றால் மேகம் வருகிறது, அணையுங்கள். பலகையைத் துடைக்க மாடிக்குப் போகும்போதெல்லாம் அவள் கடல் பக்கம் பார்த்து மேகத்தைத் திட்டுவாள். கேட்டுக்கொண்டே நான் படிப்பேன்.

பிறகு பலகைகள் மலிந்தன. என்னைப் போன்றவனாலும் வாங்க முடிகிற அளவுக்கு மலிந்தன. என்னுடையவை அவளுடையவற்றுக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. நுஹாதும் எப்போதோ பல் கட்டிவிட்டாள். ஜெனரேட்டர் இணைப்பை இருவரும் சேர்ந்தே நிறுத்தினோம். வயரைச் சுருட்டி அவளிடம் கொடுத்தேன், வாங்கிப் பரணில் போட்டாள். சண்டை எதுவும் இல்லை. கேட்பதற்கு ஒன்றுமில்லாததால் கேட்கவில்லை, அவ்வளவுதான். சில வாரங்கள் அவள் குரலே என் சமையலறைக்கு வராமல் போனது. விளக்கு குறையின்றி எரிந்தது. எதிர்வீட்டில் யார் வந்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

போன மாதம் ஒரு மதியம். மேகமே இல்லை. குழாயில் ஒரு தட்டு. படித்துக்கொண்டிருந்த நான் எழுந்து போய் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் செய்தது உறைத்தது.

ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. கையில் அந்த இரும்புவால் சீப்பு.

"உஸ்தாத், அணைச்சிட்டீங்களா என்ன?"

"நீ தட்டினியேம்மா."

"கை தானா தட்டிடுச்சு. பழக்கம்." சீப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "போடுங்க, போடுங்க. பால் கெட்டுடும்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். பல் கட்டிய நுஹாதின் சிரிப்பு போலிருந்தது. டிரையர் ஓட ஆரம்பித்தது.

அவள் மறுபடி தட்டும்வரை நான் ஃபிரிட்ஜைப் போடவில்லை.