முதல் கியரில் உழுத நிலம்

அன்று அந்த நிலத்தில் நான்கு பேர் இருந்தோம். டிராக்டர் மேல் நான். வரப்பில் குடை பிடித்தபடி, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த அக்கா. வெண்டை விதைப் பொட்டலத்தோடு அவருடைய கொழுந்தன். நாலாவது ஆள் டிராக்டர் முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். "வாடக மணிக்கு இருவது வெள்ளி, நெனப்பு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் தஞ்சோங் காராங்கில் இருந்த தன் கடைக்குப் போய்விட்டார்.

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் அசாம் ஜாவா பக்கம். அக்காவைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். வெண்டைக்காய் விற்று ஒரு வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம் என்று இருந்தார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜாதி. முந்தின வாரம்தான் வேறொரு நிலத்தில், புதைந்து கிடந்த தென்னங்கட்டையில் மோதி, டிராக்டருக்குப் பின்னால் சுழன்று மண்ணை வெட்டும் ரொட்டவேட்டரில் கத்தி இரண்டு ஒடிந்திருந்தன. "இன்னொரு தடவ ஒடச்சே, சம்பளம் கெடையாது தம்பி" என்றிருந்தார் நானா. இதுவும் பழைய தென்னை நிலம்.

"கட்டையெல்லாம் நானே தோண்டி எடுத்துட்டேன் தம்பி. தைரியமா ஓட்டு" என்றார் அக்கா.

நான் நம்பவில்லை. முதல் கியரைப் போட்டேன். இன்ஜின் நின்றுவிடுமோ என்று இன்னொரு பயம்; இன்ஜின் வேகத்தைக் கூட்டும் எண்ணெய்க் கைப்பிடியைக் கடைசிவரை இழுத்துவிட்டேன். டிராக்டர் நத்தையாக நகர்ந்தது, இன்ஜின் மட்டும் அலறியது. ரொட்டவேட்டர் கத்தி இன்ஜின் வேகத்துக்குச் சுழல்வது. சக்கரம் மெதுவாகவும் கத்தி வேகமாகவும் போனால் ஒரே மண் திரும்பத் திரும்ப வெட்டுப்பட்டுத் தூளாகிவிடும். களிமண் அப்படித் தூளானால், ஒரு மழைக்குப் பிறகு மேலே ஓடு கட்டிக்கொள்ளும். இது எனக்குத் தெரியாததல்ல. இரண்டாவது சுற்றிலேயே பார்த்தேன்: புகை கருக்கவில்லை, சத்தம் தளரவில்லை, இன்ஜினுக்குப் பாரமே இல்லை. இரண்டாம் கியர் போட்டு எண்ணெயைக் குறைத்தாலும் வண்டி சுலபமாக இழுக்கும். கை கியர் மேல் போகும். ஒடிந்த கத்தி ஞாபகம் வரும். கை திரும்பிவிடும்.

"அண்ணி, இவன் உழுது முடிக்கிறதுக்குள்ள வெண்டக்கா முத்திப் போயிரும் லா!" என்று கொழுந்தன் கத்தினான்.

"நீ வாய மூடு. அவனாச்சும் பொறுப்பா ஓட்டுறான். நீ மோட்டார் சைக்கிள் ஓட்டி எத்தன தடவ கால்வாயில விழுந்த?"

அக்கா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். "பாரு, கோதும மாவு மாதிரி!"

அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டு, அதே முதல் கியரில் அடுத்த சுற்றுக்குத் திருப்பினேன். இரண்டு மணி நேர வேலை நான்கு மணி நேரம் ஆனது. அக்கா எண்பது வெள்ளியை எண்ணிக் கொடுத்து, குடிக்கக் கோப்பியும் கொடுத்தார்.

விதை போட்ட மறுநாள் பெரிய மழை. பிறகு ஒரு வாரம் நல்ல வெயில். ஒன்றும் முளைக்கவில்லை என்று கேள்விப்பட்டுப் போனேன். நிலத்திலேயே சண்டை நடந்துகொண்டிருந்தது.

"மலிவா கெடச்ச பழைய வெதைய என் தலையில கட்டிட்டியாடா?"

"சத்தியமா புதுசு அண்ணி. பதினெட்டு வெள்ளி, என் கைக்காசு."

"ஒன் கைக்காச நீயே வச்சிக்க. இனிமே என் வாசப்படிய மிதிக்காத."

நான் ஓரமாகக் குந்தி, நகத்தால் மண்ணைக் கீறினேன். ஓடாகப் பெயர்ந்து வந்தது. அடியில் வெள்ளை முளை, மேலே வர வழியில்லாமல் மடங்கிக் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்றும் அப்படியே. விதை நல்ல விதை. பெயர்த்த மண்ணை இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினேன்.

"என்னா தம்பி, ஏதாச்சும் தெரியுதா?" என்று அக்கா கேட்டார்.

"ஒண்ணும் தெரியலக்கா."

கொழுந்தன் மோட்டாரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

சம்பளம் வந்ததும், நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்லி அக்காவிடம் பத்து வெள்ளி கொடுத்தேன். "நல்ல புள்ள" என்றார். அப்போதும் சொல்லவில்லை. முன்பணம் சேராமல், செரண்டாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டின் பின்கட்டுக்கு அவர் குடிபோன நாளில் சாமான் ஏற்றக் கொழுந்தன் வரவில்லை. நான்தான் லோரியில் ஏற்றினேன்.

கூடுதலாக ஓட்டிய இரண்டு மணி நேரத்துக்கு நாற்பது வெள்ளி. அதில் பத்து கொடுத்தாயிற்று. கொழுந்தனின் விதைக்குப் பதினெட்டு. ஆக, இன்னும் நாற்பத்தெட்டு வெள்ளி பாக்கி.