நான் எடுத்துவிட்ட ‘இன்ட்டு’

ஸ்ரீரங்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். எட்டாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு எடுக்கும்போது பெருக்கலைத்தான் முதலில் நடத்துவேன். மேலுக்கு மேல், கீழுக்குக் கீழ் பெருக்கினால் விடை வந்துவிடும், பகுதிகளைச் சமமாக்க மீ.சி.ம. தேடும் தொல்லை கிடையாது. குறிக்கு ஒரு பாட்டு வைத்திருந்தேன். ‘மைனஸ் இன்ட்டு மைனஸ் பிளஸ்’ என்றால் தாளம் தப்புகிறது என்று ‘இன்ட்டு’வை எடுத்துவிட்டேன். ‘மைனஸ் மைனஸ் பிளஸ்’ என்று வகுப்பே கத்தும். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அடுத்த வாரம் கூட்டல். சுகந்தியைப் போர்டுக்குக் கூப்பிட்டேன். முக்கொம்புப் பக்கமிருந்து பஸ்ஸில் வருபவள். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே இருக்கிற மதகு மாதிரி கட்டுகிற இன்ஜினியராவேன் என்று எல்லாரிடமும் சொல்வாள். மைனஸ் அரையோடு மைனஸ் மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னேன். ஆறைப் பகுதியாக வைத்து, மூன்றும் இரண்டும் ஐந்து என்று சரியாகக் கூட்டி, பிளஸ் ஆறில் ஐந்து என்று எழுதினாள்.

“எப்படிடி பிளஸ் வந்துச்சு?”

“மைனஸ் மைனஸ் பிளஸ்னு நீங்கதான டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க.”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“எதிர்த்தா பேசற? உனக்கெல்லாம் கணக்கே வராது. போய் ஏழாங்கிளாஸ்ல உக்காரு.”

எங்கள் பள்ளியில் அது வழக்கமான தண்டனைதான். நோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரம் டெஸ்ட் பேப்பர் திருத்தினேன். பாதி வகுப்புக்கு மேல் அதே பிளஸ். தப்பு என்னுடையது என்று புரிந்துவிட்டது. மறுநாள், “ஆத்துல தண்ணி அரையடி இறங்கி, மறுபடி மூணுல ஒரு அடி இறங்கினா ஏறுனதா அர்த்தமா?” என்று கேட்டுப் பாடத்தைச் சரிசெய்தேன். சுகந்தியிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் போய்ப் பிள்ளையிடம் தப்பை ஒத்துக்கொள்வதா என்ற வீம்பு. அதற்குப் பிறகு அவள் கணக்கு வகுப்பில் கை தூக்கவே இல்லை.

மூன்று வருடம் கழித்து, புத்தூரில் மருந்துக்கடை வாசலில் அவள் அம்மாவைப் பார்த்தேன். சுகந்தி பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள் என்றார்.

“என்ன குரூப்புங்க?”

“கணக்கு இல்லாத குரூப்புதான் டீச்சர். அவளுக்கு வராதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நாங்களும் விட்டுட்டோம்.”

குத்திக்காட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அவளுக்கு நல்லா வரும்மா. தப்பு என்னோடது.”

“இத அவகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே டீச்சர்,” என்றார்.

புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களே, பாடத்தைத் திருத்தினால் மட்டும் போதாது. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, தப்பு உங்களுடையது என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோது அட்மிஷன் முடிந்திருந்தது.