எதிர்க்கடையில் சுட்ட கடிதம்

2009இல் சிதம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்திவந்தேன். எதிர்க்கடைக்காரர் தன் ஊழியர்களுக்கு வேலை நியமனக் கடிதம் கொடுத்தார் என்று கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. அதன் நகலை எப்படியோ வாங்கி, படிக்காமலேயே என் கடைப் பெயரில் டைப் அடித்து, விற்பனைப் பெண் செல்விக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

ஒருநாள் அவள் எதிர்க்கடை வாசலில் சிரித்துப் பேசுவதைப் பார்த்துவிட்டேன். திரும்பி வந்ததும், "நாளையிலேர்ந்து வராத!" என்றேன்.

அவள் கடிதத்தை நீட்டினாள். "வேலைய விட்டு நிறுத்தணும்னா ஒரு மாசம் முன்னாடியே எழுதித் தரணும்னு நீங்கதானக்கா கையெழுத்து போட்டிருக்கீங்க? அவுங்க வேலைக்குக் கூப்பிட்டாங்க. வரலன்னு சொல்லத்தான் போனேன்."

நல்லவேளை, அவளை இழக்காமல் தப்பித்தேன். இப்போது ஒவ்வொரு வரியையும் ஊழியரோடு உட்கார்ந்து படித்த பிறகே கையெழுத்திடுகிறேன். வயிற்றெரிச்சல் மட்டும் தீரவில்லை. என்னைக் காப்பாற்றிய அந்த வரியை எழுதியவர் எதிர்க்கடைக்காரராயிற்றே!