மாப்பிள்ளை போட்ட சாட்சிக் கையெழுத்து

எங்கள் வம்சத்தில் சொந்தமாக நிலம் வாங்கிய முதல் ஆள் அப்பா. அதற்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். உயில் எழுதும் தொல்லை யாருக்கும் இருந்ததில்லை. கல்பாக்கம் அணுமின் நிலைய ஸ்டோரில் வேலை பார்த்த அப்பா, தொண்ணூறுகளில் படூரில் மனை வாங்கி வீடு கட்டினார். "அந்த முள்ளுக்காட்ல போய் இன்னா பண்ணப் போற?" என்று என் அண்ணன்கள் இருவரும் சிரித்தார்கள். பக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த பிறகு, ஞாயிறு தவறாமல் அப்பாவின் உடம்பை விசாரிக்க வந்தார்கள். அப்படி ஒரு பாசம்!

அப்பாவோடு அந்த வீட்டில் இருந்தது நானும் என் கணவரும். அம்மா போன பிறகு அவருக்குச் சோறாக்கிப் போட்டதும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு அலைந்ததும் நாங்கள்தான். "வூடு உனக்குத்தாம்மா" என்று சொன்ன அப்பா, செங்கல்பட்டுக்குப் போய் வக்கீலை வைத்து உயிலும் எழுதினார்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா அதைக் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்துவிட்டார். பெரியவர்கள் இருக்கும்போது சின்னவர்களைக் கேட்டால் மரியாதையா? சதுரங்கப்பட்டினத்திலிருந்து பெரியப்பாவையும் கோவளத்திலிருந்து எங்கள் சர்ச் சபை மூப்பரையும் கூட்டி வந்தார். இருவருக்கும் கண் சரியாகத் தெரியாது. கையெழுத்துப் போடும் இடத்தை விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. சில வருடங்களில் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அப்பா மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்.

"நாளைக்குக் கோர்ட்ல வந்து சொல்ல ஒருத்தனும் உயிரோட இல்லியே" என்று பயந்து, மறுபடி எழுத உட்கார்ந்தார். வக்கீலிடமே போகலாம் என்றேன்.

"பழசப் பாத்து எழுதறதுக்கு வக்கீலு எதுக்கு? சும்மா டப்பு குடுக்க நான் இன்னா மடையனா?"

இந்த முறை சாட்சி இளசாக, திடமாக, நம்பிக்கையானவராக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு வாத்தியார் ஒருவர். இன்னொருவர்? "நம்ம மாப்ள கீறாரே. பெத்த புள்ளைங்களவிட அவருதான் எனக்கு" என்றார். என் கணவர் கண் கலங்கிவிட்டார். முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கும் பெருமைதான், போங்கள்.

அப்பாவை அடக்கம் செய்த பிறகு, அண்ணன்களும் நாங்களும் அந்த உயிலோடு அதே வக்கீலிடம் போனோம். படித்துக்கொண்டே வந்தவர் கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"இந்தச் சாட்சிக் கையெழுத்து யாருது?"

"என் வீட்டுக்காரரோடது சார்."

கண்ணாடியைக் கழற்றினார். "கிறிஸ்தவங்க எழுதற உயில்ல, சாட்சி போட்டவருக்கோ அவர் சம்சாரத்துக்கோ எதுவும் எழுதிவெச்சா அது செல்லாதும்மா. பழைய உயிலையும் ரத்து பண்றேன்னு இதுல எழுதிட்டாரு. வீடு மூணு பேருக்கும் சமமாப் போகும்."

"அப்போ உயிலே செல்லாதா சார்?" பெரிய அண்ணன் பதறினார்.

"உயில் செல்லும். உங்களுக்கு பீரோ, தம்பிக்கு ஸ்கூட்டர்னு எழுதியிருக்காரே, அதெல்லாம் செல்லும். இவங்களுக்கு எழுதினது மட்டும்தான் செல்லாது."

அண்ணன்களுக்கு வீட்டிலும் பங்கு, பீரோவும் ஸ்கூட்டரும் அதற்கு மேல்! வெளியே வந்ததும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அப்பா இன்னா நெனச்சாருன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க பங்க எனக்கு விட்டுக் குடுங்கண்ணா."

"நாங்க இன்னாமா பண்றது? சட்டம் அப்டி கீது. வூட்ட வித்து மூணாப் பங்கு போட்டுக்கலாம்" என்றார் சின்ன அண்ணன். என் கணவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், அவரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த ஞாயிறு பெரிய அண்ணன் மினி லாரியோடு வந்தார், பீரோவுக்கு. அதிலிருந்த என் புடவைகளை வாரித் தரையில் போட்டேன். "வூட்ட விக்கிற வரைக்குமாவது இருக்கட்டுமேண்ணா" என்றேன்.

அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பாவோட கடைசி ஆசைமா. அத நாம மீறலாமா?"