ஆடற காலை நிறுத்துற லைட்டு

போட்டோ ஸ்டுடியோக்காரனுக்குப் பொணந்தான் நல்ல கிராக்கி. ஆடாது, கண்ணு சிமிட்டாது, படம் நல்லால்லன்னு திரும்பி வராது. உசுரோட வர்றவங்ககிட்ட மாட்டிக்கினு முழிக்கிற தொழில் எதுவா இருந்தாலும் சரி, துணிக்கடையோ பஸ் கண்டக்டரோ, நீங்களும் என் ஜாதிதான். ஒக்காருங்க, சொல்றேன்.

ஆந்திரா தனி ஸ்டேட்டா ஆயி, எல்லையோரத்துல எந்த ஊரு யாருக்குன்னு அடிச்சிக்கினு இருந்த சமயம். நான் தமிழ்ல ஒரு வருஷம், தெலுங்குல ஒரு வருஷம் ஃபெயிலாயி, ரெண்டு பாஷைக்கும் வஞ்சனையில்லாம பள்ளிக்கூடத்தை உட்டு வந்தவன். நகரிப் பக்கம் கரும்பு வெட்ட எங்க நைனா கூப்பிட்டாரு. அதுக்கு பயந்து சித்தூர்ல சுப்பராயுலு அண்ணன் ஸ்டுடியோவுல சேந்துட்டேன்.

பத்துக் கைப் பொண்ணு

ஒருநாள் சரோஜினி டீச்சர் வந்தாங்க. அவங்க டான்ஸ் க்ளாஸ் நடந்தது வெல்ல மண்டி மாடியில. கீழ வெல்லம் எடை போடுவாங்க, மேல பொண்ணுங்க தைதைன்னு ஆடும், நடுவுல ஈ ரெண்டு பக்கமும் போய் வரும். சங்கராந்திக்குப் புது வெல்லம் வருது, மாடியைக் காலி பண்ணுங்கன்னு மண்டிக்காரர் சொல்லிட்டாரு. திருப்பதில நடக்கப்போற சர்க்கார் விழாவுக்கு க்ளாஸ் செலக்ட் ஆனா, ஸ்கூல் ஹாலு சாவியைத் தரேன்னு ஹெட்மாஸ்டர் வாக்கு குடுத்துகீறாரு. ஆவலன்னா க்ளாஸை மூடிட வேண்டியதுதான். செலக்ட் பண்ற ஆபீசரு கேட்டது ஒரே ஒரு போட்டோ. அதுவும் ஆடிக்கினு இருக்கிறப்ப புடிச்சதா இருக்கணும், சும்மா நிக்கிற படம் வாணாமாம்.

க்ளாஸ்லயே வசந்தான்னு ஒரு பொண்ணு, ரெண்டு காலும் தரையை உட்டு எகிறுவா பாருங்க, பாக்குற நமக்குத்தான் மூச்சு வாங்கும். எங்ககிட்ட இருந்ததோ, மாப்பிள்ளை மூஞ்சியில வேர்வை வர்ற வரைக்கும் எரியுற பெரிய பல்புங்க. அதுல வெளிச்சம் கம்மி, ஷட்டரை நிதானமாத்தான் தொறந்து மூடணும். அதுக்குள்ள வசந்தா ஏறி எறங்கி மூக்கைத் தொடச்சிக்கினா. பிரிண்டுல தலை இருக்க வேண்டிய எடத்துல பொகை, சுத்தி ஏகப்பட்ட கை. அண்ணன் கூசாம அது புது ஸ்டைல்னாரு. டீச்சர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"தம்பி, மகிஷாசுரனை வதம் பண்ற ஆட்டம் கத்துக்குடுத்தேன்தான், அதுக்காக எம் பொண்ணுக்கு நெஜமாவே பத்துக் கை வெச்சி அனுப்பறதா?"

வெடி

அடுத்தது, ஒரு தபா எரிஞ்சி குப்பைக்குப் போற ஃபிளாஷ் பல்பு. கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், எல்லாம் உறைஞ்சி நின்னுடும்னு அண்ணன் சத்தியம் பண்ணாரு. மண்டி மாடிக்கே போனோம். முதல் பல்புல மூஞ்சி நின்னுச்சி, பாதம் மட்டும் வெண்ணெய் மாதிரி இழுத்துக்கினு போச்சி. கண்ணுக்கு மின்னலா தெரிஞ்சாலும், அது எரிஞ்சி அடங்குறதுக்குள்ள காலு அதும்பாட்டுக்குப் போயிடுது. ரெண்டாவது பல்பு எரியல, வெடிச்சிடுச்சி. கண்ணாடி நாலா பக்கமும். பொண்ணுங்க படிக்கட்டுல, வெல்ல மூட்டை தூக்குறவங்க ரோட்டுல. மிருதங்கம் வாசிக்கிற நாயுடு மட்டும் எழுந்திரிக்கல. மிருதங்கத்தைக் கட்டிப் புடிச்சிக்கினு என்னை ஏற எறங்கப் பாத்தாரு.

"நைனா, நீ படம் புடிக்க வந்தியா, பேயி ஓட்ட வந்தியா?"

ஃபேனும் சாக்பீஸும்

அப்பறம் மெட்ராசுக்குப் போய் எலக்ட்ரானிக் ஃபிளாஷ் வாங்கறதுன்னு முடிவாச்சி. கடையில ரெண்டு பொட்டி இருந்துச்சி. ஒண்ணு கல்யாணத்துக்குச் சீர் குடுக்குற டிரங்குப் பொட்டி சைஸு. இன்னொண்ணு டிபன் கேரியர் சைஸு. அண்ணன் பெருசைக் கட்டிப் புடிச்சிக்கினாரு. பெருசுன்னா ஒசத்தின்னு நானும் ஒத்து ஊதினேன்.

கடைக்காரர் டேபிள் ஃபேன் றெக்கை ஒண்ணுல சாக்பீஸால கோடு போட்டாரு. ஃபேனை ஓட உட்டு, ரூமை இருட்டாக்கி, பெரிய பொட்டியைத் தட்டினாரு. ரூமே பகலாச்சி, ஆனா சாக்பீஸ் கோடு தடவின மாதிரி அகலமா தெரிஞ்சிது. சின்னதைத் தட்டினாரு. வெளிச்சம் கஞ்சத்தனமாத்தான் வந்துச்சி, கோடு மட்டும் ஃபேன் நின்னு போன மாதிரி பளிச்சுனு நின்னுச்சி. பெருசுல கரண்டு நெறையத் தேங்கிக் கொட்டுறதால வெளிச்சம் இழுத்துக்கினு அடங்குதாம், சின்னது சட்டுனு அணைஞ்சிடுதாம். அண்ணனுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சி. சின்னதைத்தான் வாங்கினாரு, ஆனா சித்தூர்ல மானம் போகக் கூடாதுன்னு பெருசோட காலிப் பொட்டியையும் கேட்டு வாங்கி, அதுக்குள்ள சின்னதை வெச்சாரு. கடைக்காரர் அதையும் பாத்துக்கினுதான் இருந்தாரு.

"சார், வேகம் வாங்கிட்டீங்க, பந்தாவையும் கட்டிக் குடுத்துட்டேன், ரெண்டையும் ஒண்ணா மட்டும் ஆன் பண்ணிடாதீங்க."

பஸ்ல ஒரு மனு

திரும்பி வர்றப்போ நகரி வழியா பஸ்ஸு. அண்ணன் பொட்டியை மடியில வெச்சிக்கினு புதுப் பொண்டாட்டியாட்டம் அணைச்சிக்கினு வந்தாரு. பஸ் பூரா எல்லைப் பேச்சு. முன்னாடி சீட்டு ஆந்திராங்குது, பின்னாடி சீட்டு மெட்ராசுங்குது, நடுவுல கண்டக்டரு டிக்கெட்டுங்கறாரு. பக்கத்துல ஒரு விவசாயி, தலையில துண்டு, பொட்டியில இன்னான்னு கேட்டாரு. ஆடிக்கினு இருக்கிறதை அப்பிடியே நிறுத்திப் புடிக்கிற லைட்டுன்னு பெருமையா சொன்னேன். அவரு ஊரு எந்த ஸ்டேட்டுன்னே இன்னும் முடிவாகலையாம். பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு எந்த பாஷைன்னு தெரியலையாம், நெலத்துக்கு எந்தப் பக்கம் தீர்வை கட்டணும்னும் தெரியலையாம். அப்பறம் மெதுவா என் பக்கம் சாஞ்சாரு.

"தம்பி, எங்க ஊரு இங்கியும் அங்கியும் ஆடிக்கினே கீது, அத்த ஒரு தபா நிறுத்திக் குடுத்துட்டுப் போயேன்."

ஜன்னலைச் சாத்து

மறுபடியும் மண்டி மாடி. வெளி வெளிச்சம் கலந்தா படத்துல ஆவி மாதிரி நிழல் உழும்னு ஜன்னல் எல்லாம் சாத்தினோம். வெந்நீர் அண்டாவுக்குள்ள ஒக்காந்த மாதிரி இருந்துச்சி. லைட்டுல பலம் கம்மி, அதனால பொண்ணுக்குக் கிட்டவே வெச்சி, ஒரு கோணி அளவு எடத்துக்குள்ளதான் எகிறணும்னு சொல்லிட்டோம். அதுக்கு மேல ஒவ்வொரு தபாவும் பொட்டி 'ஙொய்'னு முனகி முனகி கரண்டு ஏத்திக்கணும். வசந்தா எகிறுனா பொட்டி ரெடியில்ல. பொட்டி ரெடியானா டீச்சர் தாளம் வேற எடத்துல கீது. நாயுடு பொட்டியோட சத்தத்துக்கு சுருதி சேத்துப் பாத்துட்டு, சேரலன்னு கையை எடுத்துட்டாரு. வசந்தா சலங்கையோட இடுப்புல கை வெச்சிக்கினு நின்னா.

"அண்ணா, உங்க பொட்டி எனக்காக ஆடுதா, நான் பொட்டிக்காக ஆடுறேனா?"

கயிறு

கடைசியில ஒரு படம் உழுந்துச்சி. உழுந்துச்சின்னா, எங்க ஜென்மத்துல அது மாதிரி ஒண்ணு பாக்கல. ரெண்டு பாதமும் காத்துல, ஜடை மேல எழும்பி நிக்குது, சலங்கையில மணி ஒவ்வொண்ணா எண்ணிக்கலாம். டீச்சர் நெஜமாவே எண்ணிப் பாத்தாங்க. திருப்பதிக்கு அனுப்பினோம்.

பதிலு வரல, ஆபீசரே வந்துட்டாரு. படம் மோசடியாம். இவ்வளவு தெளிவா யாரும் ஆகாசத்துல நிக்க முடியாதாம், பொண்ணைக் கயிறு கட்டித் தொங்க உட்டுப் புடிச்சிகீறோமாம். மாடியேறி வந்தவரு யாரையும் பாக்காம கூரையைப் பாத்தாரு. பாவி மண்டிக்காரர், பழைய தராசு மாட்டின கயித்தை விட்டத்துலயே உட்டு வெச்சிருந்தாரு. ஆபீசரு அதைப் புடிச்சி ஒரு இழுப்பு இழுத்து, டீச்சரைத் திரும்பிப் பாத்தாரு. டீச்சருக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சி. க்ளாஸ் அதோட போச்சின்னு எனக்கே தோணிச்சி. அண்ணன் பந்தாப் பொட்டியைத் தொறந்து ஃபேனு, சாக்பீஸுன்னு வெளக்க ஆரம்பிச்சாரு. கேக்க ஆளில்ல. டீச்சர் ஜன்னலையெல்லாம் தொறந்து உட்டாங்க, நாயுடுவைப் பாத்துத் தலையாட்டினாங்க. வசந்தா எகிறுனா. ஆபீசரு மொதல்ல மேல பாத்தாரு, அப்பறம் குனிஞ்சி அவ காலுக்கும் தரைக்கும் நடுவுல பாத்தாரு. கயித்தை உட்டுட்டு, கீழயே ஒக்காந்துட்டாரு.

"அம்மா, இன்னோசாரி, இன்னொரு தபா ஆடு, இதுவரைக்கும் கயிறுதான் தேடினேன், ஆட்டத்தைப் பாக்கல."

க்ளாஸ் செலக்ட் ஆயி, ஸ்கூல் ஹாலு சாவியும் டீச்சர் கைக்கு வந்துடுச்சி. ஆக, மெட்ராஸ் வரைக்கும் போய்ப் பொறுக்கி எடுத்த லைட்டு பண்ண ஒரே உபகாரம், யாருமே நம்பாத அளவுக்கு ஒரு நல்ல படம் புடிச்சிக் குடுத்ததுதான்.